வலது கை வாட்ச்

ஆமாங்க, ரெண்டு வாட்ச்தான். கேட்டதுல தப்பொண்ணும் இல்லீங்க, எல்லாரும் கேக்கறதுதான். கோயமுத்தூர்ல ஏறுனதுல இருந்து நீங்க என் கையைப் பாக்கறதும் ஜன்னலைப் பாக்கறதுமா வந்தீங்க. சரி, திருப்பூர் தாண்டறதுக்குள்ள இவரு கேட்டுருவாருன்னு நெனச்சேன். ஈரோடு வந்துதான் கேக்கறீங்க. பொறுமைசாலிங்க நீங்க.

இடது கையில இருக்கறது என்னுது. வலது கையில இருக்கறது மூர்த்தியோடது. ஈஸ்வரமூர்த்தி. கூட்டுறவு பேங்க்குல வேலை, என்னைவிட எட்டு வயசு சின்னவன். இப்ப இல்லீங்க. ஏழு வாரம் ஆச்சு.

நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல மாரத்தான் ஓடறேனுங்க. நாப்பத்திரெண்டு கிலோமீட்டர். பம்ப்செட்டுக்கு ஸ்பேர் விக்கிறவனுக்கு, அதுவும் அம்பத்தோரு வயசுல, இது எதுக்குன்னு உங்க மூஞ்சி கேக்குது. என்ற வீட்டுலயும் அதைத்தான் கேப்பா. சுகர் வரக்கூடாதுன்னு நடக்க ஆரம்பிச்சேன், நடை ஓட்டமாச்சு, ஓட்டம் பைத்தியமாச்சு. அவ்வளவுதானுங்க கதை.

எங்க க்ளப்புல ஒரு பழக்கம் இருக்குதுங்க. ஜோடி ஓட்டம்னு பேரு. மாரத்தானுக்கு முன்னாடி இருபது ஞாயித்துக்கெழமை நெடுந்தூரம் ஓடிப் பழகணும். ஒருத்தனா ஓடுனா சோம்பேறித்தனம் வரும்னு ரெண்டு ரெண்டு பேராச் சேத்து விட்டுருவாங்க. அவங்கவங்க வசதிக்கு எந்த ரோட்டுலயும் ஓடிக்கலாம். எத்தனை தூரம், எத்தனை நேரம், நெஞ்சு எத்தனை தடவை துடிச்சுது, எல்லாத்தையும் இந்த வாட்ச் எழுதி வெச்சுக்கும். வீட்டுக்கு வந்ததும் அது போனுக்கு எறங்கும். போன்ல இருந்து எங்க கோச் ஆல்பர்ட் சார் பாத்துக்குவாரு. இருபது ஞாயிறும் விடாம ஓடி, மாரத்தானையும் முடிச்ச ஜோடியோட பேரை க்ளப் செவுத்துல போர்டுல போடுவாங்க. பித்தளை எழுத்து. ஜோடியில ஒருத்தன் ஒரு ஞாயிறு விட்டாலும் ரெண்டு பேரோட பேரையும் பட்டியல்ல இருந்து அடிச்சிருவாங்க. அதுதான் ரூல்.

மூணு வருசமா எனக்கு ஜோடி சரியா அமையலீங்க. மொத வருசம் ஒருத்தன், பதினேழாவது ஞாயிறு அக்கா மகளுக்குக் காதுகுத்துன்னு போயிட்டான். ரெண்டாவது வருசம் கால் சுளுக்கு. மூணாவது வருசத்து ஆளு ஓசூருக்கே மாத்திக்கிட்டுப் போயிட்டான். இதெல்லாம் ஒரு காரணமுங்களா? நான் ஒரு ஞாயிறு விட்டதில்லை. எங்கப்பா காரியத்தன்னைக்குக் கூட அஞ்சு மணிக்குள்ள ஓடி முடிச்சுட்டு வந்துதான் குளிச்சேன். இதை நான் பெருமைக்குச் சொல்லலை.

அப்பத்தான் மூர்த்தி வந்தான். அமைதியான பையன். சொன்னா சொன்னபடி கேப்பான். பேரூர்ல கோயில் பக்கம் வண்டியை நிறுத்திப்போட்டு, சிறுவாணி ரோட்டுல ஓடி, திரும்பி அங்கயே வந்து முடிப்போம். பத்து ஞாயிறு ஒரு குறை இல்லை. வேகம் பத்தாது, அது வேற விசயம். எப்பவும் எனக்குப் பத்தடி பின்னாடிதான் வருவான். காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், திரும்பிப் பாக்க வேண்டிய வேலையே இல்லை.

பதினோராவது ஞாயிறு வந்தான், வண்டியை விட்டு எறங்கல. "அண்ணா, நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்ணா"ன்னான். நேத்து என்னப்பா சாப்பிட்டேன்னு கேட்டேன். பரோட்டான்னான். அப்புறம் என்ன, வாய்வு. யாரா இருந்தாலும் அதைத்தானுங்க சொல்லுவாங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அதேதான்.

"ஆல்பர்ட் சார்கிட்டச் சொல்லி இந்த வாரம் விட்டுரலாமுங்களாண்ணா"ன்னு கேட்டான். வாட்ச்சைக் கழட்டுப்பான்னேன். கழட்டிக் குடுத்தான். நான் வலது கையில கட்டிக்கிட்டேன். யாரு சொன்ன யோசனைன்னு இப்பக் கேட்டா என்னத்தைச் சொல்றதுங்க? நான் சொன்னேன், அவன் கழட்டுனான். கழட்டுனது அவன் கைதானுங்களே.

அன்னைக்கு இருவத்திரெண்டு கிலோமீட்டர். நான் ஓடி முடிச்சு வர்ற வரைக்கும் அவன் பேரூர் படித்துறையில உக்காந்திருந்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அது திதி குடுக்கற எடம். செத்தவங்களுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்க அங்கதான் சனம் வரும். நான் வந்ததும் எந்திரிச்சான். "இன்னைக்குப் பதினோரு குடும்பம் வந்துச்சுங்ணா, அதுல ஒரு ஐயா அவரு சம்சாரத்துக்குத் திதி குடுத்துட்டு, பக்கத்துல என்னையும் உக்காருன்னு கூப்புட்டாருங்ணா"ன்னான். வேற வேலை இல்லையா உனக்குன்னு திட்டி வாட்ச்சைக் கையில கட்டி விட்டேன். ஊட்டுக்குப் போனா ரேணுகா கேப்பாள்ல, வாட்ச் எங்கேன்னு. ரேணுகாங்கறது அவன் சம்சாரம். ரேணுகாதேவி. ஊட்டுலயே ஜாக்கெட் தைக்கறா.

பன்னெண்டாவது ஞாயிறும் அப்படித்தான். பதிமூணாவதும் அப்படித்தான். அவன் படித்துறையில உக்காந்துக்குவான், நான் ரெண்டு கைக்கும் சேத்து ஓடுவேன். ரெண்டு பேருக்கும் ஓடறவனுக்கு எத்தனை சிரமம்னு யோசிச்சுப் பாருங்க. எனக்காகவா செஞ்சேன்? அவன் பேரும் போர்டுல வரணும்னுதானே?

ஒண்ணு சொல்றேன், இது யார்கிட்டயும் சொன்னதில்லை. பதிமூணாவது ஞாயிறு நான் வேர்த்து ஊத்தி வந்து நிக்கறேன், அவன் வாட்ச்சை வாங்கி அந்தச் சின்னக் கண்ணாடியவே பாத்துக்கிட்டிருக்கான். "இன்னைக்கு நல்லா ஓடியிருக்கேனுங்ணா. துடிப்பு ஏறவே இல்லை பாருங்க"ன்னான். கேலிக்குச் சொல்றானாக்கும்னு அவன் மூஞ்சியப் பாத்தேன். கேலி இல்லீங்க. அவன் நம்பறான். இருவத்தாறு கிலோமீட்டர் அவனே ஓடுனதா நம்பறான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ஆனா, நம்பிக்கை நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

அந்த வாரம் ஆல்பர்ட் சார் போன் பண்ணாரு. மூர்த்தி பிரமாதமா முன்னேறியிருக்கான், மூணு வாரமா நெஞ்சுத் துடிப்பு இருவது குறைஞ்சிருக்குது, அவனையும் உங்களையும் மொதல் பேட்ச்சுல போடறேன்னாரு. மொதல் பேட்ச்னா வேகமா ஓடறவங்க. அது என்னோட துடிப்புங்க சார்னா சொல்ல முடியும்?

பதினாலாவது ஞாயிறு க்ளப்பே ஒண்ணாச் சேந்து ஓடற நாள். முப்பது கிலோமீட்டர். எல்லாரும் பாக்க வாட்ச்சைக் கழட்டி வாங்க முடியாது. எப்படிப்பா இருக்குதுன்னு கேட்டேன். "இன்னைக்குப் பரவாயில்லீங்ணா"ன்னான். அவன் வாயால சொன்னதுங்க.

மொதல் பேட்ச் வேகம் உங்களுக்குத் தெரியாது. விட்டாப் புடிக்க முடியாது. மாதம்பட்டி வரைக்கும் பத்தடி பின்னாடி வந்தான். அப்புறம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போச்சு. ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன். ரெண்டு தடவை, நெனவு வெச்சுக்கங்க, யாரும் என்னைத் திரும்பிப் பாக்காதவன்னு சொல்ல முடியாது. மொத தடவை ஓடிக்கிட்டிருந்தான். ரெண்டாவது தடவை ரோட்டோரமா நின்னுக்கிட்டிருந்தான். என்னைப் பாத்துக் கையைத் தூக்கிக் காட்டுனான். போங்கன்னு காட்டுனான். போங்க, நான் வர்றேன்னு. அப்படித்தான் காட்டுனான்.

நானும் கடையில தனியா இருக்கறப்பக் கையைத் தூக்கிக் காட்டிப் பாத்திருக்கேன். போங்கன்னு சொல்றதுக்கும் நில்லுங்கன்னு சொல்றதுக்கும் கை ஒரே மாதிரித்தானுங்க போகுது. தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு என்ன தெரியும்? ஆனா அவன் போங்கன்னுதான் காட்டுனான்.

தென்னை நாத்துப் பண்ணை ஒண்ணு இருக்குதுங்க அங்க, அந்த வேலி ஓரமா விழுந்து கெடந்திருக்கான். பால்காரர் ஒருத்தர் பாத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காரு. நான் முப்பதும் முடிச்சு, கரும்பு ஜூஸ் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, ஷூ லேஸைத் தளத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் போன் வந்துச்சு.

பதினஞ்சாவது ஞாயிறு க்ளப்புல யாரும் ஓடலை. மூர்த்திக்காக. ஆல்பர்ட் சார் அதை விட்ட கணக்குல சேக்க வேண்டாம்னுட்டாரு, நல்ல மனுசன்.

காரியமும் அதே படித்துறையிலதான் நடந்துச்சு. எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப ரேணுகா இந்த வாட்ச்சைக் கொண்டாந்து குடுத்தா. "அண்ணா, இருவது ஞாயிறு முடிக்கோணும்னு அவருக்கு அத்தனை ஆசைங்ணா. மிச்சத்தை நீங்க அவருக்காக ஓடிருங்க"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆல்பர்ட் சார்கிட்டச் சொன்னேன். அவருக்கும் வந்துருச்சு. பட்டியல்ல எங்க ரெண்டு பேரு பேரையும் அடிக்காம வெச்சுட்டாரு. இந்த வருசம் எங்க ஜோடி ஒண்ணுதானுங்க மிச்சம். மத்ததெல்லாம் போயிருச்சு.

அதுல இருந்து ஞாயிறு ஓடுனா ரெண்டு வாட்ச். ஒரு கிலோமீட்டர் முடிஞ்சா வாட்ச் பீப்னு ஒரு சத்தம் குடுக்கும். முன்னெல்லாம், அவன் படித்துறையில உக்காந்திருந்த அந்த மூணு வாரமும், ரெண்டும் ஒண்ணா அடிச்சுது. எனக்கு நல்லா நெனவிருக்குது. அவன் போனதுக்கப்புறம் இடது மொதல்ல அடிக்கும், வலது கொஞ்சம் கழிச்சுத்தான் அடிக்கும். ஒரு நாள் எண்ணிப் பாத்தேன். பத்தடி. சாட்டிலைட் வித்தியாசம்னு ஆல்பர்ட் சார் சொன்னாரு. இருக்கலாம். ஆனா சிறுவாணி ரோட்டுல விடியக்காலையில ஒத்தையில ஓடறப்ப, பின்னாடி பத்தடியில ஒருத்தன் பீப்னு சொன்னா, அது சாட்டிலைட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஓட முடியுமுங்களா? நான் வேகத்தைக் கூட்டுவேன். அதுவும் பத்தடியிலயே வரும். பயமான்னா, பயந்தானுங்க. பொய் எதுக்குச் சொல்றது.

நில்லுங்க, டீ வருது. உங்களுக்கு வேணுமுங்களா? எனக்கு வேண்டாம், கொஞ்ச நாளா டீ குடிச்சா நெஞ்சைக் கரிக்குது.

ஓடி முடிச்சதும் நேரா ரேணுகா ஊட்டுக்குத்தான் போவேன். மூர்த்தியோட போன் அவகிட்டத்தான் இருக்குது, அதுக்குப் பக்கத்துல கொண்டு போனாத்தான் வாட்ச்சுல இருக்கறது எறங்கும். மெஷினை நிறுத்திட்டு எந்திரிச்சு வருவா. தண்ணி குடுப்பா. என் கையைத் தொடாம, போனை மட்டும் வலது கைக்குப் பக்கத்துல புடிப்பா. கொஞ்ச நேரத்துல "எறங்கிருச்சுங்ணா"ம்பா. அப்புறம் அந்தக் கோட்டை, அதுதான் மேலயும் கீழயுமா ஒரு கோடு வருமே, நெஞ்சுத் துடிப்புக் கோடு, அதை வெச்ச கண் வாங்காமப் பாப்பா. புருசன் ஓடறதா நெனச்சுப் பாக்கறா, பாவம்னு நான் இருந்தேன்.

போன ஞாயிறு இருவதாவது. கடைசி வாரம்னால தூரம் கம்மி, பன்னெண்டு கிலோமீட்டர்தான். போனேன். தண்ணி குடுத்தா. போனைப் புடிச்சா. எறங்கிருச்சுன்னு சொல்லலை. உக்காருங்ணான்னா. தைக்கற மேசை மேல துணியெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு, ஒரு நோட்டை எடுத்து விரிச்சா. ஜாக்கெட் அளவு எழுதற நோட்டு. அதுல ஓடுன ஒவ்வொரு ஞாயித்துக்கெழமைக்கும் துடிப்பை எழுதி வெச்சிருக்கா.

"மொதப் பத்து வாரம் நூத்தி அறுவது, நூத்தி அறுவத்தஞ்சுங்ணா. அது அவரு. பதினாலாவது வாரம் நூத்தித் தொண்ணூறு போய் நிக்குது. அதுவும் அவரு. நடுவுல இந்த மூணு வாரம் நூத்தி நாப்பது. அவரு போனதுக்கப்புறம் நீங்க ஓடுனதும் நூத்தி நாப்பது. செத்ததுக்கப்புறம் எப்படி ஓடறாரோ அப்படியேதான் அந்த மூணு வாரமும் ஓடியிருக்காரு"ன்னா.

நான், பயிற்சியில செட் ஆயிருச்சும்மா, துடிப்பு குறையும், ஆல்பர்ட் சாரே சொன்னாருன்னேன்.

"நான் தைக்கறவங்ணா. அளவு ஒண்ணா இருந்தா ஒடம்பு ஒண்ணுதான்"னா.

சத்தம் போட்டிருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும். போடலை. மெதுவாத்தான் பேசுனா. "அந்த மூணு வாரமும் மாடிக்குத் துணி எடுக்கப் போனாக்கூட அவருக்கு மூச்சு வாங்குச்சுங்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தெனம் சொன்னேன். ஒரு நாள் இந்தப் போனை எடுத்து எம்முன்னாடி வெச்சு, இருவத்தாறு கிலோமீட்டர் ஓடறவனுக்கு நெஞ்சுல என்னடி இருக்கப் போகுது, கோட்டைப் பாருன்னாரு. பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதோட நான் வாயை மூடிக்கிட்டேன். அது உங்க நெஞ்சுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னா.

அவனேதான் காட்டியிருக்கான், நானா காட்டச் சொன்னேன்? டம்ளரைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த மூணு ஞாயிறும் அவரு எங்க இருந்தாருன்னு ரேணுகா கேட்டா. படித்துறையிலன்னேன். அதுக்கு மட்டும் ஒரு தடவை கண்ணை மூடித் தொறந்தா.

அப்புறம் கடைசி வரியைக் காட்டுனா. அன்னைக்கு நான் ஓடிட்டு வந்தது. "இதைப் பாருங்ணா. போன வாரம் வரைக்கும் நூத்தி நாப்பது. இன்னைக்குப் பன்னெண்டு கிலோமீட்டருக்கே நூத்தி எழுவத்தெட்டு. நடு நடுவுல கோடு அறுந்து அறுந்து போகுது. பதினாலாவது வாரம் அவருக்கு இப்படித்தான் போச்சு. அன்னைக்கு எனக்குப் படிக்கத் தெரியலை. இன்னைக்குத் தெரியுது. மெட்ராஸ் போக வேண்டாங்ணா. நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்க, நான் வேணும்னாக் கூட வர்றேன். அவரு வாட்ச்சைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க"ன்னு கையை நீட்டுனா.

பாத்தீங்களா? இவ எங்க கொண்டு வந்து முடிக்கறான்னு பாத்தீங்களா? நாலு வருசத்துல முதல் தடவையா எம்பேரு போர்டுல வரப் போகுது. நாளைக்கு ஒரு நாள் ரெண்டு வாட்ச்சும் முடிவுக் கோட்டைத் தாண்டுனாப் போதும், பித்தளை எழுத்து அடிச்சுருவாங்க. இந்த நேரம் பாத்து ஓடாதேங்கறா. புருசன் போன வயித்தெரிச்சல்ல எனக்குக் கெடைக்கறதைக் கெடுக்கப் பாக்கறான்னுதான் எனக்குப் பட்டுது. நீங்க தலையை ஆட்டறதப் பாத்தா உங்களுக்கு அப்படிப் படலை போல. நீங்க அந்தப் புள்ளை மூஞ்சியப் பாக்கலை, அதான்.

எந்திரிச்சு வந்துட்டேன். கழட்டலை. கழட்டவும் முடியலீங்க, நெசத்தைச் சொன்னா. ராத்திரி தூங்கறப்பக் கூட கட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன். கழட்டி வெச்சா அவன் அங்க ரோட்டோரம் கையைத் தூக்கிக்கிட்டே நிக்கற மாதிரி இருக்குது. நாளைக்குக் கோட்டைத் தாண்டிட்டா எறக்கிருவான்னு நெனைக்கறேன்.

ஜோலார்பேட்டை தாண்டிட்டமுங்களா? பேச்சுல தெரியலை. நீங்க எங்க எறங்கறீங்க, காட்பாடியா? எறங்கறப்ப மேல இருந்து என் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. தோள் புடிச்சிருக்குது, இடது கையைத் தூக்க முடியலை.

பேனா இருக்குதுங்களா? இந்த ஃபாரத்தைச் சாயந்திரம் கவுண்டர்ல குடுத்தாத்தான் நாளைக்கு நம்பர் தருவாங்க. எல்லாம் எழுதிட்டேன், ஒண்ணுதான் பாக்கி. ஓடறப்ப ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் போன் பண்றதுன்னு கேட்டிருக்கான். என்ற வீட்டு நம்பரைப் போட்டா, அவ பயந்தவ, எடுத்து ரெண்டு வார்த்தை கேக்கறதுக்குள்ள மயங்கி விழுந்துருவா. ரேணுகா நம்பரையே போட்டர்றேனுங்க. அவ ஏற்கெனவே ஒருக்கா இந்த மாதிரிப் போனை எடுத்தவ, பதறாமப் பேசுவா.